இரவில் மங்கும் சோலார் விளக்கு: கோளாறைப் பகலில் தேடுங்கள்

எங்கள் வீடு பாலவாக்கத்தில், கடற்கரைக்கு நடந்து போகிற தூரம். பின்வாசலிலிருந்து மோட்டார் ரூம் வரை முப்பத்தைந்து அடிப் பாதை, நடுவில் ஒரே ஒரு படி. அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. விடியற்காலை நாலே முக்காலுக்கு மோட்டார் போடவும், கீழே உதிர்ந்து கிடக்கும் பவழமல்லியைப் பொறுக்கவும் அந்த வழியாகத்தான் போவார். நாலு வருடத்துக்கு முன் அந்தப் படியில் கால் பிசகி விழுந்து, ஆறு வாரம் மணிக்கட்டில் கட்டோடு இருந்தார். அன்றிலிருந்து அந்தப் பாதையின் வெளிச்சம் என் பொறுப்பு. மழைக்காலத்தில் எங்கள் பக்கம் விரியன் வருவதும் உண்டு. வெளிச்சம் பாம்பை விரட்டாது. ஆனால் காலடியில் கிடப்பது கயிறா பாம்பா என்று காட்டிக்கொடுக்கும்.

முதலில் வாங்கிய ஆறு விளக்குகளும் இரண்டாவது மழைக்காலத்தைத் தாண்டவில்லை. தூக்கிப் போட மனமில்லாமல் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். அப்புறம் தெருவில் நாலைந்து வீட்டு விளக்குகளையும் பார்த்துக் கொடுத்தேன். முக்கால்வாசி விளக்குகளில் கெட்டிருந்தது உள்ளே இருக்கும் செல், இல்லையென்றால் விளக்கைக் குத்தி வைத்த இடம் சரியில்லை. எல்.இ.டி. பழுதானது ஒன்றே ஒன்று. அதனால் புதிது வாங்கக் கிளம்பும் முன், உங்கள் விளக்கு என்ன செய்கிறது என்று பார்த்துவிடுங்கள். பழையது ஏன் போனது என்று தெரியாமல் வாங்கும் புதியதும் அதே வழியில்தான் போகும்.

முதலில் மூன்று சோதனை

ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், பழைய பல் பிரஷ், சாதாரண மல்டிமீட்டர், சுவர் சார்ஜரில் முழுதாக ஏற்றிய ஒரு ரீசார்ஜ் செல். இவ்வளவு போதும். நேரம், மதியம் பன்னிரண்டு மணி வெயில்.

ஒன்று: விளக்கின் ஸ்விட்சைப் போட்டுவிட்டுப் பேனலைக் கறுப்புத் துணியால் மூடுங்கள். வெறும் கையால் மூடினால் விரலிடுக்கில் வெளிச்சம் புகுந்துவிடும். சில விநாடிகளில் விளக்கு எரிய வேண்டும். இந்தச் சிறிய விளக்குகள் பலவற்றில் இருட்டைக் கண்டுபிடிக்கத் தனி சென்சார் கிடையாது, பேனல்தான் கண். அதில் மின்னழுத்தம் இறங்கினால், இருட்டிவிட்டது என்று எடுத்துக்கொண்டு உள்ளே இருக்கும் ஐ.சி. என்ற நாலு கால் குட்டிச் சில்லு விளக்கைப் போடும்.

இரண்டு: எரியவில்லையா? பழைய செல்லை எடுத்துவிட்டு, நீங்கள் ஏற்றி வைத்த செல்லைப் போட்டு மறுபடி மூடுங்கள். இப்போது எரிந்தால் ஐ.சி.யும் எல்.இ.டி.யும் நலம், குறை செல்லிலோ அதற்குச் சார்ஜ் வரும் வழியிலோ இருக்கிறது.

மூன்று: செல்லைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வைத்துப் பேனலின் இரண்டு ஒயர்களிலும் தொடுங்கள். ஒற்றை 1.2 வோல்ட் செல் போடும் விளக்கென்றால், நேர் வெயிலில் இரண்டு வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்ட வேண்டும். 3.2 வோல்ட் செல் உள்ளவற்றில் ஐந்து, ஆறு வோல்ட் வரும். ஒரு வோல்ட்டைக்கூடத் தொடவில்லையென்றால் பேனல் போய்விட்டது, அல்லது அதன் பின்னால் ஒயர் பிடித்திருக்கும் இடம் அரித்துவிட்டது.

ஒவ்வொரு செல்லிலும் எந்த வகை, எத்தனை வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். இதைப் படிக்காமல் மாற்றவே கூடாது. டபுள் ஏ அளவிலேயே 1.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு, 3.2 வோல்ட் லித்தியம் இரும்பு பாஸ்பேட், 3.7 வோல்ட் லித்தியம் அயான் என மூன்று வகை இருக்கிறது. பார்க்க மூன்றும் ஒரே மாதிரிதான். 3.7 வோல்ட் செல்லை 4.2 வரை ஏற்றுவார்கள், 3.2 வோல்ட் செல்லுக்கு 3.65 தான் எல்லை. ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டால் செல் கெடும், சூடாகும், அதற்கு மேலும் ஆகலாம். டி.வி. ரிமோட்டுக்குப் போடும் சாதாரண பென்சில் செல்லை எக்காரணம் கொண்டும் போடாதீர்கள். அது சார்ஜ் ஏற்றுவதற்கானதே அல்ல. கசியும், சில சமயம் வெடிக்கும்.

புதுசு, பெட்டியைப் பிரித்தும் எரியவில்லை

செல்லுக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் நாக்கு செருகியிருப்பார்கள். அதை இழுத்து எடுக்க வேண்டும். பேனலின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் படலத்தை உரிக்க வேண்டும். அடியில் இருக்கும் குட்டி ஸ்விட்சைப் போட வேண்டும். பல மலிவு விளக்குகளில் அந்த ஸ்விட்ச் செல்லின் இணைப்பையே துண்டிக்கும். "முதல்ல நல்லா சார்ஜ் ஏறட்டும்" என்று அணைத்து வைத்தால் ஒரு சொட்டுகூட ஏறாது. போட்ட நிலையில் இரண்டு நாள் முழு வெயிலில் வையுங்கள். மூன்றாம் நாள் மாலையும் எரியவில்லையென்றால் பெட்டியோடு கடையில் திருப்பிக் கொடுங்கள். புதிதைப் பிரித்துப் பழுது பார்க்காதீர்கள், உத்தரவாதம் போய்விடும்.

பட்டப்பகலில் எரிகிறது

பேனல் குருடாகிவிட்டது என்று அர்த்தம். வெயில் அடிக்கிறது, ஆனால் அந்தச் செய்தி ஐ.சி.க்குப் போய்ச் சேரவில்லை. மூடியைத் திறந்தால் பேனலிலிருந்து வரும் மயிரிழை ஒயர் ஒன்று அறுந்து ஆடிக்கொண்டிருக்கும், அல்லது ஈயம் வைத்த இடத்தில் பச்சையாகப் பூத்திருக்கும். பிரஷால் தேய்த்துவிட்டு மறுபடி ஈயம் வைத்தால் சரியாகிவிடும். சால்டரிங் வராதவர்கள் செல்போன் ரிப்பேர் கடையில் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் வைத்துத் தருவார்கள். தள்ளிப்போட வேண்டாம். பகலில் எரியும் விளக்குக்கு ஏற்றமே கிடையாது, இறக்கம் மட்டும்தான். செல் அடிமட்டம் வரை காலியாகி அப்படியே செத்துப்போகும்.

இரவில் எரியவில்லை, துணியால் மூடினால் எரிகிறது

விளக்கில் குறை எதுவும் இல்லை. வேறு ஏதோ வெளிச்சம் பேனல் மேல் விழுகிறது. தெருவில் எல்.இ.டி. விளக்கு மாற்றிய பிறகு இந்தப் புகார் நிறைய வருகிறது. பின்வீட்டு மாடி பல்பு, நம் சமையலறை ஜன்னலின் டியூப்லைட், இதெல்லாம் போதும். இரவு எட்டு மணிக்கு விளக்கின் அருகே குனிந்து, பேனல் பார்க்கும் திசையில் நீங்களும் பாருங்கள். கண்ணில் எந்த பல்பு நேராகப் படுகிறதோ அதுதான் காரணம். விளக்கை ஓரடி தள்ளி வைக்கலாம், இல்லையென்றால் திருப்பி வைக்கலாம். எங்கள் வீட்டில் சமையலறை ஜன்னலில் பாதித்திரை போட்டதோடு முடிந்தது.

பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு விளக்குகள் மாறி மாறிக் கண் சிமிட்டினால் அதுவும் இதே கதைதான். ஒன்றின் வெளிச்சம் இன்னொன்றின் பேனலில் பட்டு அதை அணைக்கிறது. அது அணைந்ததும் இது எரிகிறது. இடைவெளி கூட்டுங்கள். ஒற்றை விளக்கு தனியாகத் துடித்தால் செல் கிட்டத்தட்ட காலி, அல்லது செல்லைப் பிடிக்கும் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. ஸ்பிரிங்கைக் கொஞ்சம் இழுத்துவிட்டுத் துடைத்துப் போடுங்கள்.

ஆறரைக்கு எரிகிறது, எட்டரைக்கு அணைகிறது

பத்தில் ஏழு பேர் சொல்வது இதைத்தான். நானும் இதில்தான் அதிக நாள் அலைந்தேன். அதனால் இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் எந்தப் பக்கம் குறை என்று பிரியுங்கள். செல்லைக் கழற்றிச் சுவர் சார்ஜரில் முழுதாக ஏற்றி, மாலையில் விளக்கில் போடுங்கள். இரவு முழுக்க எரிந்தால் செல் நன்றாக இருக்கிறது, பகலில் அதற்குத் தீனி போதவில்லை. அப்படியும் இரண்டு மணி நேரத்தில் அணைந்தால் செல்லுக்கு வயதாகிவிட்டது. இந்த ஒரு சோதனை தெரியாமல் எத்தனையோ பேர் நல்ல விளக்கைத் தூக்கிப் போடுகிறார்கள்.

வயதான செல் என்றால் மாற்றிவிடுங்கள். அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் எலக்ட்ரானிக்ஸ் உதிரிக் கடைகளில் செல் வகையையும் வோல்ட்டையும் சொல்லிக் கேளுங்கள். பழைய செல்லைக் கையோடு கொண்டுபோய்க் காட்டினால் இன்னும் நல்லது. நம் ஊர் வெயிலில் இரண்டு வருடம் உழைத்திருந்தால் அந்த செல் தன் கடமையைச் செய்துவிட்டது. கத்திரி வெயிலில் வெளியே நாற்பது டிகிரி என்றால், கறுப்புப் பிளாஸ்டிக் மூடிக்குள் இன்னும் எவ்வளவோ அதிகம். அந்தச் சூட்டில் நிக்கல் செல் சார்ஜைச் சரியாக வாங்காது. லித்தியம் செல்லையோ 45 டிகிரிக்கு மேல் ஏற்றுவதே அதன் ஆயுளைக் கெடுக்கும். மே மாதம் வெயில் கொளுத்தும்போதும் விளக்கு சீக்கிரம் அணைவதன் ரகசியம் இதுதான். மேல் மூடி வெளிர் நிறமாக இருந்தால் சூடு கொஞ்சம் குறையும்.

செல்லின் மேல் 600, 1000 என்று போட்டிருப்பது அது எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்பது, மில்லி ஆம்பியர் அவர் கணக்கில். செல் மாற்றும்போது ஒரு ஆசை வரும். "600-க்குப் பதில் 2500 போட்டா விடியவிடிய எரியுமே?" பக்கத்து வீட்டு அண்ணன் அப்படித்தான் போட்டார். எரியாது. நாலு செ.மீ. சதுரப் பேனல் உச்சி வெயிலில் கால் வாட்டுக்கும் குறைவாகத்தான் தரும். சென்னையில் ஒரு நல்ல நாளின் வெயிலைத் திரட்டினால் ஐந்து மணி நேர உச்சி வெயிலுக்குச் சமம். ஏற்றும்போது வீணாவதைக் கழித்தால், 600 மில்லி ஆம்பியர் அவர் செல்லை ஒரு நாளில் நிரப்பலாம். 2500-ஐ ஒரு நாளும் நிரப்ப முடியாது. குடம் பெரிதானால் குழாயில் தண்ணீர் கூடிவிடுமா? 600 இருந்த இடத்தில் 800 அல்லது 1000 போடுங்கள், அதற்கு மேல் காசு வீண். அதே மாதிரி, 18650 என்ற அளவு லித்தியம் செல்லின் மேல் 9900 என்று அச்சடித்து விற்றால் வாங்காதீர்கள். அந்த அளவில் நல்ல செல்லே 3500 சுமாருக்குத்தான் வரும். கையில் எடுத்தாலே தெரியும்: உண்மையான செல் 45 கிராம் அளவுக்குக் கனக்கும், போலி தக்கை மாதிரி இருக்கும்.

தீனி போதவில்லை என்றால் நிழலைத் தேடுங்கள். ஒருநாள் காலை எட்டு மணி, பன்னிரண்டு, மூன்று என மூன்று வேளையும் போய் விளக்கு எதில் நிற்கிறது என்று பாருங்கள். முருங்கை மர நிழல் சல்லடை மாதிரிதான் இருக்கிறது என்று நினைப்போம். ஆனால் பேனல் பல கீற்றுகளை வரிசையாகக் கோத்தது. ஒரு கீற்றில் நிழல் விழுந்தாலும் மொத்த வரத்தும் குறையும். துணி காயப்போடும் கொடியை மறந்துவிடாதீர்கள். எங்கள் நாலாவது விளக்கு திங்களும் வியாழனும் மட்டும் சீக்கிரம் அணைந்தது. பெட்ஷீட் காயும் நாட்கள் அவை.

காம்பவுண்டு சுவரின் நிழல் இன்னும் ஏமாற்றும். சென்னை ஏறக்குறைய 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. மே, ஜூன், ஜூலையில் உச்சி வெயில் தலைக்கு மேலேயே, சற்று வடக்காகக்கூடப் போகும். தெற்குச் சுவரை ஒட்டி வைத்த விளக்கு அப்போது ஜோராக எரியும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடுவதால், மதியத்திலேயே ஆறடிச் சுவரின் நிழல் வடக்குப் பக்கம் நாலரை அடி நீளும். அதே விளக்கு, அதே செல், பகல் முழுக்க நிழல். "மே மாசம் நல்லாத்தானே எரிஞ்சுது" என்று சொல்கிறவர்கள் சுவரிலிருந்து ஐந்தடி தள்ளிக் குத்திப் பாருங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் மங்கல்

விளக்கின் குற்றமில்லை. வடகிழக்குப் பருவமழையில் நாள் கணக்கில் வானம் மூடியிருக்கும். அடைமழை நாளில் வழக்கமான வரத்தில் கால் பங்கு கிடைத்தாலே பெரிது. போதாததற்கு, ஜூன் கடைசியில் ஆறரைக்கு மேல் மறையும் சூரியன் நவம்பர் கடைசியில் ஐந்தே முக்காலுக்கு முன்பே மறைந்துவிடும். வரவு குறையும் அதே மாதத்தில் செலவும் கூடுகிறது.

இதற்கு மூன்று வழி. ஒன்று, மழை தொடங்கும் முன் பேனலைத் துடைத்து, வயதான செல்லைப் புரட்டாசியிலேயே மாற்றிவிடுவது. இரண்டு, டபுள் ஏ செல் உள்ள விளக்கானால், மூட்டமான நாட்களில் படிக்குப் பக்கத்து விளக்கின் செல்லை மட்டும் வீட்டுக்குள் கொண்டுவந்து சுவர் சார்ஜரில் ஏற்றுவது. நான் இரண்டு ஜோடி செல் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுகிறேன். மூன்றாவதுதான் நிரந்தரத் தீர்வு: பேனல் தனியாக, விளக்கு தனியாக, நடுவில் நீள ஒயர் உள்ள வகை. பேனலை மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் தெற்கு பார்த்துப் பதினைந்து டிகிரி அளவுக்குச் சாய்த்து வைத்துவிட்டு, விளக்கைக் கீழே எவ்வளவு நிழலிலும் வைக்கலாம். சாய்வு இருந்தால் மழையே பேனலைக் கழுவியும் விடும். மரங்கள் அடர்ந்த கொல்லைக்கு நான் வேறு எதையும் சொல்லமாட்டேன்.

கண்ணாடிக்குள் நீர்த்துளி, அல்லது மழைக்குப் பிறகு மௌனம்

என் முதல் விளக்கைத் திறந்தபோது பார்த்ததைச் சொல்கிறேன். மூடியைத் திருகியதும் ஒரு ஸ்பூன் தண்ணீர் கையில் ஊற்றியது. செல்லின் மைனஸ் முனையில் வெள்ளைத் தூள், ஸ்பிரிங் பாதி கரைந்து செந்நிறத் துரு, பிளஸ் பக்கத்துத் தகட்டில் பச்சைக் களிம்பு. ஒரு மூலையில் எறும்புகள் அரிசிக் குருணை போல் முட்டைகளை அடுக்கி வைத்திருந்தன. ஒயர் வரும் துளைதான் அவற்றுக்கு வாசல். எறும்பு போகிற துளையில் தண்ணீரும் போகும்.

இப்படி இருந்தால் உடனே செல்லைக் கழற்றுங்கள். மற்ற பாகங்களைப் பிரித்து, மின்விசிறிக் காற்றில் ஒரு நாள் முழுக்க உலர்த்துங்கள். வெள்ளைத் தூளைத் தொட்டுவிட்டுக் கண்ணைக் கசக்காதீர்கள். பழைய பிரஷில் துளி வினிகர் தொட்டுத் தேய்த்து, நல்ல தண்ணீரில் துடைத்து, மறுபடி உலர்த்துங்கள். ஸ்பிரிங்கிலும் தகட்டிலும் வாசலின் கொஞ்சம் பூசுங்கள். கடல் காற்றுக்கு அதைவிட மலிவான மருந்து இல்லை. ரப்பர் வளையம் விறைத்து வெடித்திருந்தால் பிளம்பிங் கடையில் அதே அளவு வளையம் கேளுங்கள்.

துளைகளை சிலிக்கான் பசையால் அடைக்கும்போது ஒரு விஷயம். வினிகர் வாடை அடிக்கும் பசை காயும்போது அமிலத்தை வெளிவிடும். மூடிய கூட்டுக்குள் அது செம்பை அரிக்கும். முதல் தடவை நான் அதைத்தான் அடைத்தேன், மூன்று மாதத்தில் ஒயர் கறுத்துவிட்டது. 'நியூட்ரல்' என்று போட்ட பசையைக் கேட்டு வாங்குங்கள். மேல் பக்கத்தையும் ஒயர்த் துளையையும் அடையுங்கள். அடியில் நீர் வடியும் துளை இருந்தால் அதை மட்டும் அடைக்காதீர்கள்.

பெட்டியில் போட்டிருக்கும் ஐ.பி. எண்ணையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தூசியையும் நீரையும் விளக்கு எவ்வளவு தாங்கும் என்று சொல்வது அது. 44 என்றால் தெறிக்கும் நீரைத் தாங்கும். 65 என்றால் தூசி புகாது, குழாயால் பீய்ச்சியடிக்கும் நீரைத் தாங்கும். 67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் மூழ்கியும் தாங்கும். சென்னை மழைக்கு 65-க்குக் கீழே வாங்கவே வேண்டாம். தண்ணீர் தேங்கும் கொல்லைக்கு 65-உம் போதாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது எங்கள் பின்பக்கம் முழங்கால் வரை தண்ணீர் நின்றது. தரையில் குத்தியிருந்த ஐ.பி. 65 விளக்குகள் மூன்றும் போயின. சுவரில் மூன்றடி உயரத்தில் மாட்டியிருந்தது இன்றும் எரிகிறது.

பேனல் பால் படிந்ததுபோல் இருக்கிறது

நகத்தால் சுரண்டிப் பாருங்கள். வெள்ளையாகப் பொடி வந்தால் அது போர் தண்ணீரின் உப்பு. செடிக்குத் தண்ணீர் பாய்ச்சும்போது தெறித்துக் காய்ந்து படிந்தது. வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, பஞ்சில் தொட்டு ஐந்து நிமிடம் ஊறவைத்துத் துடைத்தால் போய்விடும். கடைசியாகத் துடைக்க ஆர்.ஓ. குடிநீரோ பிடித்து வைத்த மழைநீரோ வேண்டும். ஆர்.ஓ. கழிவுநீர் வேண்டாம், உப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது. பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரை அருகிலேயே கொண்டுபோகாதீர்கள்.

பொடி வராமல் மஞ்சளாகவே இருந்தால், பேனல் மேல் ஊற்றியிருக்கும் எபாக்ஸி பூச்சு வெயிலில் பழுத்துவிட்டது. பற்பசையால் மெதுவாகத் தேய்த்தால் கொஞ்சம் தெளியும், சில மாதம் ஓடும். அடுத்த முறை கண்ணாடி போட்ட பேனலாகப் பார்த்து வாங்குங்கள். விலை கூடுதல்தான், ஆனால் அது மஞ்சளாகாது.

பங்குனி, சித்திரையில் வேப்பம்பூ, வருடம் முழுக்கக் காக்கை எச்சம், போகி மறுநாள் கரி. மாதம் இரண்டு முறை ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

ஆள் நடந்தால் எரியும் வகை, ஆள் வந்தும் எரியவில்லை

இந்த சென்சார் பார்ப்பது ஆளை இல்லை. சுற்றுப்புறத்துக்கும் நம் உடம்புக்கும் உள்ள சூட்டு வித்தியாசத்தை. மே மாத இரவில் சுவரும் தரையும் நம் உடம்புச் சூட்டுக்குப் பக்கத்தில் இருக்கும்போது அதற்கு நம்மைப் பிரித்தறியக் கஷ்டம். நேராக அதை நோக்கி நடந்து வருபவரைவிடக் குறுக்கே கடப்பவரை அது சுலபமாகப் பிடிக்கும். அதனால் பாதையின் கோடியில் வைக்காமல் பக்கவாட்டில் வையுங்கள். பூனைக்கும் பெருச்சாளிக்கும் எரிந்து செல் காலியாகிறது என்றால் சென்சாரைச் சற்று மேல் நோக்கித் திருப்புங்கள். வயதானவர்கள் நடக்கும் பாதைக்கு இருட்டிலிருந்து திடீரென எரிவது நல்லதல்ல; எப்போதும் மங்கலாக எரிந்து, ஆள் வந்தால் பிரகாசமாகும் வகையே சரி.

எரிகிறது, ஆனால் பாதை தெரியவில்லை

இதற்கு ரிப்பேர் கிடையாது, வேறு விளக்குதான். கடைக்குப் போகும் முன் ஒரு சின்னக் கணக்கு. வெளிச்சத்தின் அளவை லூமெனில் சொல்வார்கள்; ஒரு மெழுகுவர்த்தி சுமார் 12 லூமென். 600 மில்லி ஆம்பியர் அவர், 1.2 வோல்ட் செல்லில் இருப்பது 0.72 வாட் அவர். நடுவில் வீணாவதைக் கழித்து, நல்ல எல்.இ.டி. ஒரு வாட்டுக்கு 100 லூமென் தரும் என்று வைத்துக்கொண்டால், எட்டு மணி நேரத்துக்கு ஏழு லூமென்தான் கிடைக்கும். ஒரு மெழுகுவர்த்திகூட இல்லை. அதே விளக்கு 50 லூமெனில் எரிந்தால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம் எரிந்து அணைந்துவிடும். பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

அதனால் கடையில் லூமென், வாட் எண்களைப் பார்க்கும் முன் செல்லின் வோல்ட்டையும் மில்லி ஆம்பியர் அவரையும் கேளுங்கள். 50 லூமென் என்பது அரை வாட். மாலை ஆறிலிருந்து காலை ஆறு வரை பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஆறு வாட் அவர், வீணாவதையும் சேர்த்தால் ஏழு. அதாவது 3.2 வோல்ட்டில் 2200 சுமாரான செல். அதை நிரப்ப இரண்டு வாட் பேனல் வேண்டும். அது குறைந்தது 11 செ.மீ. சதுரம் இருக்கும். உள்ளங்கைக்குள் அடங்கும் பேனலோடு "விடிய விடிய பளிச்சுன்னு எரியும்" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். மழைக்காலத்துக்கும் தாங்க வேண்டுமென்றால் செல் இதைப்போல் இரண்டு மடங்கு இருந்தால் நல்லது, பேனலும் அதற்கேற்ற அளவில்.

நான் வாங்கும்போது பார்ப்பது இந்த வரிசையில்: செல்லை நாமே கழற்றி மாற்ற முடியுமா, பேனல் எவ்வளவு பெரிது, ஒயர்த் துளையில் ரப்பர் இருக்கிறதா, திருகுகள் துருப்பிடிக்காதவையா. வெளிச்சம் ஐந்தாவதுதான். லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல் நம் சூட்டை மற்றவற்றைவிட நன்றாகத் தாங்குகிறது, வாய்ப்பிருந்தால் அதையே எடுங்கள். எவர்சில்வர் உடம்பு பார்க்க அழகு. ஆனால் கடற்கரையிலிருந்து இரண்டு தெருவுக்குள் இருப்பவர்கள் யோசியுங்கள். 304 ரகத்திலேயே ஒரு வருடத்தில் பழுப்புப் புள்ளிகள் விழும், 316 தாங்கும். இரண்டையும் கண்ணால் பிரிக்க முடியாது. பூச்சு போட்ட கெட்டியான அலுமினியம் எங்கள் வீட்டில் நன்றாகவே நிற்கிறது.

நிறம் 3000 கெல்வின் மஞ்சள் ஒளியாக இருக்கட்டும். 6500 வெள்ளை கடையில் பிரகாசமாகத் தெரியும், ஆனால் மழை இரவில் ஈசல் மொய்ப்பதும் அதில்தான் அதிகம். விளக்கின் மேல் தொப்பி மாதிரி மூடி இருந்து, வெளிச்சம் கீழே தரையில் விழ வேண்டும். எல்.இ.டி. கண்ணில் நேராக அடித்தால் அதற்கு அப்பால் இருக்கும் படி இன்னும் இருட்டாகத் தெரியும். அம்மா இரண்டாவது தடவை தடுமாறியது இருட்டில் இல்லை, கூசும் விளக்கை வைத்த பிறகுதான். அவர் சொன்ன பிறகே எனக்குப் புரிந்தது: "வெளக்கு தெரியுதுடா, தரை தெரியல."

கழற்றிய பழைய செல்களைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி அவற்றைத் தனியாகப் பிரித்து, பழைய பேட்டரி வாங்கிக்கொள்ளும் இடத்தில் கொடுக்க வேண்டும். உப்பியிருக்கும் லித்தியம் செல்லைக் குத்தவோ நசுக்கவோ கூடாது. முனைகளில் டேப் ஒட்டி, மணல் போட்ட டப்பாவில் வைத்துக் கொண்டுபோங்கள்.

புது விளக்குகளை ஏழெட்டு அடிக்கு ஒன்றாக, இடமும் வலமும் மாற்றி மாற்றி வையுங்கள். முதல் விளக்கை வாசலில் வைக்காதீர்கள், படிக்குப் பக்கத்தில் வையுங்கள். வைத்த அன்று இரவு, வீட்டில் அந்தப் பாதையில் நடக்கும் பெரியவரைக் கையைப் பிடித்து ஒருமுறை நடத்திப் பார்த்து, எங்கே கால் தயங்குகிறதோ அந்த இடத்துக்கு அடுத்த விளக்கை நகர்த்துங்கள்.